பழைய ஷெவி பிக்கப்புக்கு எக்ஸாஸ்ட் ஹெடர் வாங்கும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் 1973 முதல் 1987 வரை வந்த ஷெவர்லே சி10 பிக்கப்பை அங்கே எல்லோரும் ‘ஸ்கொயர் பாடி’ என்றுதான் சொல்வார்கள். பெட்டி மாதிரி சதுரமாக இருக்கும், நல்ல உழைப்பாளி வண்டி. என்னுடையது 1978 மாடல்: 350 கன அங்குல ஸ்மால் பிளாக் (ஷெவியின் சிறிய வகை) வி8, ஆட்டோமேட்டிக் கியர், ஓடுவது டெக்சாஸில். இதே வண்டியை வைத்திருப்பவர்களும் வாங்க நினைப்பவர்களும் என்னிடம் கேட்பதில் பாதி, ஹெடர் பற்றித்தான். அந்தக் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஹெடர் என்றால் என்ன? கம்பெனி மேனிஃபோல்டு இருக்கும்போது அது எதற்கு?

கம்பெனியிலிருந்து வருவது வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு. ஒரு பக்கத்தின் நாலு சிலிண்டர் புகையும் ஒரே பொது அறைக்குள் வந்து விழுந்து, அங்கிருந்து ஒரு குழாய் வழியாக வெளியே போகும். ஹெடரில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் குழாய். நாலும் கொஞ்ச தூரம் தனித்தனியாகப் போய், கலெக்டர் என்ற இடத்தில் ஒன்று சேரும்.

அந்தத் தனிக்குழாயால் என்ன லாபம் என்பது ஃபயரிங் ஆர்டரை, அதாவது சிலிண்டர்கள் எரியும் வரிசையைப் பார்த்தால் புரியும். ஸ்மால் பிளாக்கின் வரிசை 1-8-4-3-6-5-7-2. டிரைவர் பக்கம், அதாவது இடப்பக்கம், 1, 3, 5, 7. வலப்பக்கம் 2, 4, 6, 8. வரிசையில் 5 எரிந்ததும் அடுத்தது 7. இரண்டும் ஒரே பக்கம், அடுத்தடுத்த சிலிண்டர், பின்னால் ஒட்டிக்கொண்டு இருப்பவை. 5 தன் புகையை வெளியே தள்ளி முடிப்பதற்குள் 7 வால்வைத் திறந்து முழு அழுத்தத்தோடு புகையை விடுகிறது. பொது அறை என்பதால் அந்த அழுத்தம் 5க்குள்ளேயே திரும்பிப் போகப் பார்க்கும். வலப்பக்கம் 8க்கும் 4க்கும் இதே கதை. தனிக்குழாய் கொடுத்தால் இந்தச் சண்டை தீர்கிறது. அதோடு, ஒரு சிலிண்டரின் புகை வேகமாக ஓடும்போது அதன் பின்னால் அழுத்தம் குறைந்து, மிச்சப் புகையையும் இழுத்துக்கொண்டு போகிறது.

போட்டால் எவ்வளவு பவர் கூடும்?

முதலில் உங்கள் இன்ஜின் என்னவென்று பார்க்க வேண்டும். எழுபதுகளின் இறுதியில் பிக்கப்பில் வந்த நாலு பேரல் (நாலு வாய் கார்புரேட்டர்) 350க்குக் கம்பெனி சொன்னது சுமார் 165 குதிரைத்திறன். கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் கலவையை அமுக்கும் அளவு) குறைவு, கேம் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) மிதமானது. அந்த இன்ஜின் மூச்சு முட்டுவதற்கு மேனிஃபோல்டு ஒரு காரணம்தான், ஒரே காரணம் இல்லை. ஹெடரை மட்டும் மாட்டிவிட்டு, பின்னால் பழைய ஒல்லியான ஒற்றைக் குழாயையும் அடைபட்ட சைலன்சரையும் அப்படியே விட்டால், கொடுத்த காசுக்குச் சத்தம்தான் மிச்சம். ஹெடர், அதற்குப் பின்னால் இரண்டரை அங்குல இரட்டைக் குழாய், நடுவில் இரண்டையும் இணைக்கும் ஒரு குறுக்குக் குழாய், நல்ல சைலன்சர் என்று முழுத் தொகுதியாகச் செய்தால்தான் வித்தியாசம் தெரியும். அதுவும் பொதுவாக நடு ஆர்.பி.எம்.மில் தெரியும்: டிரெய்லரை இழுத்துக்கொண்டு மேடு ஏறும்போது, நெடுஞ்சாலையில் ஒரு வண்டியைத் தாண்டும்போது. ‘முதுகை சீட்டோடு ஒட்ட வைக்கும்’ என்று விளம்பரம் சொன்னால், அது வேறு கேம், வேறு ஹெட் (சிலிண்டர்களின் மேல் மூடி) போட்ட இன்ஜினுக்கு.

அப்படியானால் எனக்கு ஹெடரே தேவையில்லையா?

பலருக்குத் தேவையில்லை, உண்மையாகவே சொல்கிறேன். பழைய ஸ்மால் பிளாக்குகளில் ‘ராம்ஸ் ஹார்ன்’ என்று ஒரு மேனிஃபோல்டு வந்தது. ஆட்டுக்கடாவின் கொம்பு மாதிரி இரண்டு பக்கமிருந்தும் வளைந்து வந்து நடுவில் கீழே இறங்கும். வார்ப்பிரும்பிலேயே நன்றாக மூச்சு விடக்கூடியது அது. வாய் இரண்டு அங்குலத்திலும் கிடைக்கும், இரண்டரை அங்குலத்திலும் கிடைக்கும். இரண்டரையைத் தேடி வாங்குங்கள். ஒழுகாது, சத்தம் குறைவு, பிளக் ஒயரைச் சுடாது, பல வருஷம் உழைக்கும். சாமான் ஏற்றி இறக்கவும் வார இறுதியில் ஊர் சுற்றவும் மட்டும் வண்டி என்றால், ராம்ஸ் ஹார்னும் இரட்டைக் குழாயும் போதும்.

கேமை மாற்றியிருக்கிறீர்கள், இன்டேக்கை (கலவை இன்ஜினுக்குள் போகும் வழி) மாற்றியிருக்கிறீர்கள், அல்லது இருக்கிற மேனிஃபோல்டு விரிசல் விட்டுவிட்டது என்றால், சரி, ஹெடருக்குப் போகலாம்.

லாங் டியூப், ஷார்ட்டி, டிரை-ஒய், பிளாக் ஹக்கர்: எதை எடுப்பது?

லாங் டியூப்பில் நாலு குழாயும் நீளமாகப் போய் வண்டியின் அடியில் சேரும். பிக்கப் இழுக்கும் வேலையை உண்மையில் செய்கிற ஆர்.பி.எம்.மில் அதிக பலன் தருவது இதுதான். தொல்லையும் இதில்தான் அதிகம், அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன். ஷார்ட்டி சீக்கிரமே முடிந்துவிடும், மாட்டுவது சுலபம், பலன் குறைவு. பிளாக் ஹக்கர் இன்ஜினோடு ஒட்டிக்கொண்டு இறங்கும். இடமே இல்லாத பழைய காருக்குள் வி8 திணிப்பவர்களுக்கு அது வரப்பிரசாதம். சி10இல் இன்ஜின் அறை விசாலமாக இருக்கிறது, அதை வாங்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது.

டிரை-ஒய்யில் நாலு குழாய் முதலில் இரண்டிரண்டாகச் சேர்ந்து, பிறகு ஒன்றாகும். கீழ் ஆர்.பி.எம். இழுவைக்கு மிக நல்ல அமைப்பு. பாரம் ஏற்றுகிற வண்டிக்கு என்னைக் கேட்டால் முதலில் இதைத்தான் தேடச் சொல்வேன். டக் தார்லி போன்ற கம்பெனிகள் பிக்கப்புக்கென்றே இந்த வகைக்குப் பேர் வாங்கியவை.

குழாய் எவ்வளவு பெரிது? பெரிது போட்டால் நல்லதுதானே?

இல்லை. குழாய் பெரிதானால் புகையின் வேகம் குறையும், இழுத்துக்கொண்டு போகும் வேலை நடக்காது. தோட்டத்து ஹோஸ் வாயை விரலால் பாதி மூடினால் தண்ணீர் எப்படிப் பாய்கிறது என்று பார்த்திருப்பீர்கள். கம்பெனி நிலையில் இருக்கும் 350க்கு 1⅝ அங்குலம். அதைவிடச் சிறிய 305 இன்ஜினுக்கு 1½ கூடப் போதும். 400 குதிரைத்திறனைத் தாண்டுகிற மாதிரி ஹெட்டும் கேமும் மாற்றியவர்கள் மட்டும் 1¾ பக்கம் போகலாம். ‘பிற்காலத்தில் இன்ஜினை மாற்றுவேன்’ என்று இன்றைக்கே பெரிது வாங்கி வைப்பவர்கள் உண்டு. அந்தப் பிற்காலம் வரும்வரை சிக்னலில் வண்டி மந்தமாகத்தான் கிளம்பும்.

விலை மலிவானது வாங்கலாமா?

பெயின்ட் அடித்த சாதா இரும்பு ஹெடர் 300 டாலருக்குள்ளேயே கிடைக்கும். நான் முதலில் அதைத்தான் வாங்கினேன். பெட்டியைப் பிரித்ததும் நன்றாகத்தான் இருந்தது. மூன்று மாதத்தில், காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் டிக் டிக் என்று ஒரு சத்தம். இன்ஜின் சூடானதும் அடங்கிவிடும். வால்வு டேப்பட்தான் என்று நினைத்து இரண்டு வாரம் வால்வு கவரைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஹெடரைக் கழற்றி, ஹெட்டோடு சேரும் ஃபிளாஞ்சின் மேல் ஒரு நேர் எஃகு ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். நடுவில் ஸ்கேல் தொடுகிறது. இரண்டு முனையிலும் பிளேடு நுழைகிற அளவு வெளிச்சம் தெரிகிறது. தகடு வாழைப்பழம் மாதிரி வளைந்துவிட்டது. கேஸ்கெட்டின் ஓரத்தில் புகை போன வழி கறுப்புக் கோடாக இழுத்திருந்தது.

ஸ்மால் பிளாக்கில் நடுவில் உள்ள இரண்டு எக்ஸாஸ்ட் வாயும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் அந்த இடம் கடுமையாகச் சூடாகும். மெல்லிய தகடு அந்தச் சூட்டைத் தாங்காது. அதனால் குழாயின் பளபளப்பைப் பார்க்கும் முன் ஃபிளாஞ்சின் கனத்தைக் கேளுங்கள். ⅜ அங்குலம் இருந்தால் நல்லது, 5/16க்குக் கீழே வேண்டாம். குழாய்க்குக் கேஜ் எண் குறைந்தால் கனம் அதிகம்: 18ஐ விட 16 மேல், 14 அதைவிட மேல். வெல்டிங் உள்பக்கமும் வழித்துச் சீராக்கப்பட்டிருக்கிறதா என்று விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். கடையிலேயே ஸ்கேல் வைத்துப் பார்ப்பதற்குக் கூச்சப்படத் தேவையில்லை.

என் வண்டிக்குப் பொருந்தும் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. அப்புறம் என்ன பயம்?

பெட்டியில் ‘1973–87 ஷெவி பிக்கப்’ என்றுதான் இருக்கும். அந்தப் பதினைந்து வருஷத்தில் வண்டிக்குள் என்னென்னவோ மாறியிருக்கிறது. ஆர்டர் போடும் முன் ஒரு நாள் வண்டியைத் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, டார்ச்சோடு அடியில் படுத்துவிடுங்கள். பணத்தை மிச்சப்படுத்தும் வேலை இதுதான்.

இடப்பக்கம் முதலில். மேனுவல் கியர் வண்டியென்றால் பழைய மாடல்களில் கிளட்ச் பெடலிலிருந்து இன்ஜின் பக்கவாட்டில் ஒரு குறுக்குத்தண்டு வரும், இசட்-பார் என்பார்கள். நிறைய லாங் டியூப் ஹெடர்கள் அதன்மேல் நேராக வந்து இடிக்கும். ஸ்டியரிங் ஷாஃப்ட், ஸ்டியரிங் பாக்ஸ், ஆட்டோமேட்டிக்காக இருந்தால் கியர் லிங்கேஜ், அப்புறம் ஆயில் ஃபில்டர், எல்லாம் இந்தப் பக்கம்தான். ஃபில்டரைக் கழற்றக் கை நுழையுமா என்று யோசியுங்கள். ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் முழங்கை சுடக்கூடாது.

வலப்பக்கம் ஸ்டார்ட்டர் மோட்டார். அதை ஒட்டிக் குழாய் போனால், வெயில் நாளில் பெட்ரோல் போட நிறுத்திவிட்டு மறுபடி சாவியைத் திருப்பும்போது ‘க்ளக்’ என்று ஒரே சத்தம், வண்டி கிளம்பாது. சின்ன கியர் ரிடக்‌ஷன் ஸ்டார்ட்டர் போட்டால் இடமும் கிடைக்கும், சூடும் குறையும். முன்பக்கம் இதே பக்கத்தில் மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப் இருக்கிறது. பெட்ரோல் லைன் குழாய்க்கு அருகில் போனால் உள்ளே பெட்ரோல் கொதித்து ஆவியாகிவிடும், அதைத் தள்ளிக் கட்டுங்கள். ஆட்டோமேட்டிக் கியரின் கூலர் லைன்களையும் அப்படியே. கே10 என்ற நாலு சக்கர டிரைவ் வண்டியாக இருந்தால் முன் டிரைவ்ஷாஃப்ட்டும் வலப்பக்கம்தான் ஓடும், அதற்கென்று தனியாகச் செய்த ஹெடர்தான் வாங்க வேண்டும்.

ஆயில் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். ஸ்மால் பிளாக்கில் 1979 வரை அது டிரைவர் பக்கம் இருந்தது, 1980இல் வலப்பக்கம் போய்விட்டது. இன்ஜினை யாராவது இடையில் மாற்றியிருந்தால் வண்டியின் வருஷத்தை நம்பி ஏமாந்துவிடுவீர்கள். ஸ்பார்க் பிளக் நேராக இருக்கிறதா, சாய்வாக இருக்கிறதா என்பதும் ஹெட்டைப் பொறுத்து மாறும், அதையும் விற்பவரிடம் சொல்லிக் கேளுங்கள். இன்னொன்று: ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரஸர் பிராக்கெட்டுகள் சில வண்டிகளில் பழைய மேனிஃபோல்டின் போல்டிலேயே தொங்கும். மேனிஃபோல்டு போனால் அவற்றுக்குப் பிடிமானம் போய்விடும், மாற்றுப் பிராக்கெட்டையும் சேர்த்து வாங்க வேண்டியிருக்கும்.

பெயின்ட், செராமிக், ஸ்டெயின்லெஸ்: எது?

பெயின்ட் அடித்தது முதல் நாளே புகைந்து உரிய ஆரம்பிக்கும், பிறகு துரு. செராமிக் கோட்டிங் விலை கூடுதல், ஆனால் இன்ஜின் அறைச் சூட்டைக் குறைக்கிறது, துருவையும் தள்ளிப் போடுகிறது. என் இரண்டாவது ஹெடர் அதுதான். உப்புப் போட்டுப் பனியை உருக்கும் மிச்சிகன், ஒஹையோ மாதிரி மாநிலங்களில் இருந்தால் ஸ்டெயின்லெஸ் பக்கம் போங்கள். அதில் 409 வகை மலிவு, மேலே லேசாகத் துருவின் நிறம் வரும். 304 வகை அழகும் ஆயுளும் அதிகம், விலையும் அப்படியே.

சாதா இரும்புக் குழாயில் துணிப்பட்டி சுற்றாதீர்கள். பட்டி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு குழாயை அரித்துவிடும். பட்டி சுற்றினால் வாரண்டி கிடையாது என்று பல கம்பெனிகள் எழுதியே வைத்திருக்கின்றன.

பழைய போல்ட் உடைந்துவிட்டால்?

நாற்பது வருஷம் சூட்டில் வெந்த போல்ட், பெரும்பாலும் முன் கடைசியிலும் பின் கடைசியிலும் இருப்பதுதான் உடையும். வேலைக்கு இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே துரு நீக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். கழற்றும்போது முதலில் கால் சுற்று இறுக்கிப் பாருங்கள், பிறகு தளர்த்துங்கள், முன்னும் பின்னுமாக. முரண்டு பிடித்தால் டார்ச் வைத்துச் சூடாக்கி, ஆறிய பிறகு எண்ணெய் விட்டு மறுபடி. உடைந்தேவிட்டால், துண்டின்மேல் ஒரு நட்டை வைத்து வெல்டு செய்து திருப்புகிற ஆளைக் கூப்பிடுங்கள். கையில் டிரில்லை வைத்துக்கொண்டு கோணலாகத் துளை போட்டு ஹெட்டைக் கெடுத்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

கேஸ்கெட், இறுக்குவது, ஒழுகல் பார்ப்பது?

ஹெடரோடு பெட்டியில் வரும் காகித கேஸ்கெட்டைத் தூக்கி வைத்துவிட்டு, பல அடுக்கு எஃகு கேஸ்கெட்டோ, கனமான கிராஃபைட் கேஸ்கெட்டோ வாங்குங்கள். ஹெட்டின் முகத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். போல்ட் ⅜-16. எல்லாவற்றையும் கையால் பாதி ஏற்றிவிட்டு, நடுவிலிருந்து ஆரம்பித்து வெளியே போகிற மாதிரி 20 முதல் 25 ஃபுட்-பவுண்டு வரை இரண்டு மூன்று தடவையாக இறுக்குங்கள். கேஸ்கெட் கம்பெனி வேறு அளவு சொல்லியிருந்தால் அதுவே சரி. முதல் சூட்டுக்குப் பிறகு முழுதாக ஆற விட்டு மறுபடி இறுக்க வேண்டும், நூறு மைல் ஓடியதும் இன்னொரு தடவை. முதல் தடவை இறுக்கும்போது சரியாக நின்ற போல்ட், ஆறியதும் கால் சுற்று போகும். நீங்களே பார்ப்பீர்கள்.

ஒழுகல் பார்க்க எனக்குப் பிடித்த வழி இது. இன்ஜின் ஆறியிருக்கும்போது, கராஜில் இருக்கும் வேக்குவம் கிளீனரின் காற்று வெளிவிடும் பக்கத்தை எடுத்து, துணி சுற்றி, பின் குழாய்க்குள் சொருகிப் போடுங்கள். பாத்திரம் தேய்க்கும் சோப்புத் தண்ணீரை ஃபிளாஞ்ச் ஓரத்திலும் கலெக்டர் இணைப்பிலும் தெளியுங்கள். ஒழுகும் இடத்தில் நுரை பொங்கும். கலெக்டரில் மூன்று போல்ட் தட்டைக் கேஸ்கெட்டுக்குப் பதில் உருண்டை இணைப்பு இருந்தால் அங்கே தொல்லை குறைவு.

கார்புரேட்டரைத் தொட வேண்டுமா?

பெரும்பாலும் கொஞ்சம். புகை சுலபமாகப் போனால் காற்று அதிகம் வரும், கலவை லேசாக மெலியும். நூறு மைல் ஓடிய பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பீங்கான் வெள்ளை வெளேரென்று இருந்தால் ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளை) ஒரு சைஸ் பெரிதாக வேண்டும்.

சோக்கை, அதாவது குளிர்ந்த இன்ஜினுக்குக் காற்றைக் குறைக்கும் தகட்டை மறக்காதீர்கள். சில பழைய வண்டிகளில் மேனிஃபோல்டின் சூடுதான் சோக்கைத் திறந்து விடுகிறது. வலப்பக்கம் ஹீட் ரைசர் என்ற வால்வு புகையை இன்டேக்கின் அடிக்குத் திருப்பி, குளிரில் கார்புரேட்டரைச் சூடாக்கும். ஏர் கிளீனருக்கு மேனிஃபோல்டிலிருந்து சூடான காற்று எடுத்துப் போகும் குழாயும் உண்டு. ஹெடர் போட்டால் இவையெல்லாம் போய்விடும். டெக்சாஸில் எனக்கு இது பெரிய விஷயமில்லை, எலெக்ட்ரிக் சோக் மாட்டினேன், முடிந்தது. மின்னசோட்டாவில் ஜனவரியில் தினமும் வேலைக்கு ஓட்டுகிறவர் இதை நன்றாக யோசிக்க வேண்டும்.

1987 மாடலில் கார்புரேட்டருக்குப் பதில் த்ராட்டில் பாடி இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. அதில் புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்லும் ஆக்சிஜன் சென்சார் இருக்கிறது. லாங் டியூப் போட்டால் சென்சார் கீழே கலெக்டருக்குப் போய்ச் சூடு போதாமல் தடுமாறும், ஹீட்டர் உள்ள மூன்று ஒயர் சென்சார் போடுங்கள். சென்சாருக்கு முன்னால் ஒழுகல் இருந்தால் வெளிக்காற்று உள்ளே புகுந்து கம்ப்யூட்டரை ஏமாற்றும், அது தேவையில்லாமல் பெட்ரோலைக் கொட்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கலிபோர்னியாவில் 1975 மாடலும் அதற்கு முந்தையவையும் புகைச் சோதனையிலிருந்து விலக்கு. 1976 முதல் உண்டு. அங்கே ஹெடரில் மாநிலக் காற்று வாரியத்தின் அனுமதி எண் இருக்க வேண்டும், அதுவும் உங்கள் வருஷத்துக்கும் இன்ஜினுக்கும். டெக்சாஸில் சோதனை நடக்கும் மாவட்டங்களிலும் 24 வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிக்குப் புகைச் சோதனை இல்லை.

ஆனால் கம்பெனியிலிருந்து கேட்டலிடிக் கன்வெர்ட்டரோடு (புகையின் நச்சைக் குறைக்கும் கருவி) வந்த வண்டியில் அதைக் கழற்றுவது நாடு முழுக்கச் சட்டவிரோதம். உங்கள் வண்டியில் வந்ததா என்று வருஷத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. எழுபதுகளின் நடுவில் மொத்த எடை 6,000 பவுண்டுக்கு மேல் என்று பதிவான பிக்கப்புக்கு அது கட்டாயமில்லை. அதற்காகவே ஃபோர்டு 1975இல் எஃப்-150ஐயும், ஷெவர்லே அடுத்த வருஷம் ‘பிக் 10’ஐயும் அந்த எடைக்குச் சற்று மேலே கொண்டுவந்தன. கதவுத் தூணில் இருக்கும் எடைத் தகட்டையும், ஹுட்டுக்கு அடியில் இருக்கும் எமிஷன் ஸ்டிக்கரையும் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

என்னிடம் இருப்பது ஃபோர்டு, 300 சிக்ஸ் (300 கன அங்குல, ஆறு சிலிண்டர் இன்ஜின்). எனக்கும் இதெல்லாம் பொருந்துமா?

ஃபிளாஞ்ச் கனம், ஒழுகல், போல்ட் பற்றிச் சொன்னவை பொருந்தும். ஆனால் அந்த இன்ஜினில் இன்டேக்கும் எக்ஸாஸ்ட்டும் ஒரே பக்கம், கார்புரேட்டரின் அடி எக்ஸாஸ்ட்டின் சூட்டிலேயே குளிர் காய்கிறது. ஹெடர் போட்டால் அந்தச் சூடு போய்க் குளிர்காலத்தில் இருமும். பலர் செய்கிற நல்ல மாற்றுவழி ஒன்று உண்டு: 1987 முதல் 1996 வரை இன்ஜெக்‌ஷனோடு வந்த 300 சிக்ஸில் கம்பெனியே இரண்டு துண்டாக, இரண்டு வாயோடு வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு போட்டது. ஒன்றில் முன் மூன்று சிலிண்டர், இன்னொன்றில் பின் மூன்று. பழைய வண்டி உடைக்கும் யார்டில் எஃப்-150 ஏதாவது ஒன்று கட்டாயம் நிற்கும். கழற்றிக்கொண்டு வரும்போது இரண்டு துண்டிலும் விரிசல் இருக்கிறதா என்று கம்பித் தூரிகையால் தேய்த்துப் பாருங்கள், கீழே சேரும் ஒய் குழாயையும் சேர்த்தே எடுத்து வாருங்கள்.